பழைய காரைச் சுவரில் துளையிட்டு ராவல் பிளக் பொருத்துவது எப்படி?

சிமென்ட் பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளில், காரைக்குடிப் பக்கத்து வீடுகளானாலும் சென்னை திருவல்லிக்கேணியின் பழைய வீடுகளானாலும், நாட்டுச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டி அதன்மேல் சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். இன்றைய உட்சுவரின் சிமென்ட் பூச்சு ஏறத்தாழ 12 மி.மீ. கனம்தான் இருக்கும், காரையோ பல பூச்சுகளாக ஏறிப் பல இடங்களில் 25 அல்லது 30 மி.மீ. கனத்துக்கு இருக்கும். ராவல் பிளக் என்பது, ஸ்குரூ ஏறும்போது விரிந்து பிடித்துக்கொள்ளும்படி சுவர்த் துளைக்குள் செருகும் சிறு பிளாஸ்டிக் குழாய். நாம் மாட்டும் அலமாரியின் எடையை இந்தக் காரை தாங்காது, உள்ளே இருக்கும் செங்கல்தான் தாங்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் வேலை முழுவதும் சரியாக அமையும்.

முதலில் துளையிட வேண்டிய இடத்தைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஓசை வந்தால் காரை செங்கல்லோடு ஒட்டியிருக்கிறது. பொத்தென்ற ஓசை வந்தால் அது உள்ளே பிரிந்துவிட்டது. அங்கே துளையிட்டால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழும். ஈரம் ஏறி உப்புப் பூத்த அடிச்சுவரையும், சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் உள்ள இடங்களையும் தவிர்த்துவிடுங்கள். பிற்காலத்தில் சுவரைக் கொத்திப் பதித்த வயர்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் இயங்கும் டிரில்லைப் பயன்படுத்துங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

குறியிட்ட இடத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன்மேல் 4 மி.மீ. பிட்டை வைத்து, ஹேமர் மோடை (பிட் சுழன்றுகொண்டே இடிக்கும் முறையை) அணைத்து, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். காரையைப் பெயர்ப்பது பெரும்பாலும் ஹேமரின் அதிர்ச்சிதான், துளை அல்ல. இனி கண் தூளின் மேலேயே இருக்கட்டும். முதலில் வெள்ளைத் தூள் உதிரும். பிறகு அது செங்காவியாக மாறும்போது பிட் செங்கல்லைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்தக் கணத்தில் நிறுத்தி, பிட் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளந்தால் காரையின் கனம் கிடைத்துவிடும். 40 மி.மீ. ஆழம் போயும் தூள் வெள்ளையாகவே வந்து, பிட்டும் தடையின்றி இறங்கினால், நீங்கள் இரண்டு செங்கல்லுக்கு இடைப்பட்ட சாந்தில் இருக்கிறீர்கள். துளையை மேலே அல்லது கீழே 25 மி.மீ. தள்ளிப் போடுங்கள். அந்தச் சாந்தில் பிளக் நிற்காது.

செங்கல் உறுதியானபின் 6, அடுத்து 8 மி.மீ. என்று பிட்டை மாற்றித் துளையைப் பெரிதாக்குங்கள். காரை 30 மி.மீ., பிளக் 40 மி.மீ. என்றால் தூளுக்கும் சற்று இடம் விட்டு 80 மி.மீ. ஆழம் வேண்டும், அந்த அளவில் பிட்டின்மேல் டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். தூளை ஊதுபம்பால் வெளியேற்றாமல் பிளக்கைச் செருகினால் அது வழுக்கிச் சுழலும்.

பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் அமர வேண்டும். காரைக்குள் விரிந்தால் அது காரையைப் பிளந்துவிடும். ஆகவே வாயில் விளிம்பு இல்லாத பிளக்கை வாங்கி, ஸ்குரூவை அதில் இரண்டு சுற்று மட்டும் ஏற்றி, தலையில் மெல்லத் தட்டிக் காரையைக் கடந்து உள்ளே அனுப்புங்கள். பிறகு ஸ்குரூவைக் கழற்றி, மாட்டும் பொருளை வைத்து முடுக்குங்கள். ஸ்குரூவின் நீளம் பொருளின் கனம், காரையின் கனம், பிளக்கின் நீளம் மூன்றும் சேர்ந்ததாக இருக்கட்டும். சுவரைப் பெரிதாகக் கொத்தி மரக்கட்டை அடிக்கும் பழைய முறைக்கு மாற்றாகத்தான் ஜான் ஜோசப் ராலிங்ஸ் இந்தப் பிளக்கை உருவாக்கினார் என்பதால், இதற்காகச் சுவரை அகலமாக உடைப்பதில் அர்த்தமே இல்லை.

கீசர், பெரிய டிவி போன்ற கனமான பொருள்களுக்கு இது போதாது. விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கர் போல்ட் மென்மையான நாட்டுச் செங்கல்லைப் பிளந்துவிடக்கூடும். வலைக்குழாயுடன் கூடிய கெமிக்கல் ஆங்கரே (துளைக்குள் பசையை நிரப்பி இறுகவைக்கும் போல்ட்) தகும். கைவிட்ட துளைகளைச் சிமென்ட்டால் அடைக்காதீர்கள்: அது காரையைவிடக் கடினமாக இறுகி, ஈரத்தை வெளியேற விடாமல் தேக்கி, சுற்றியுள்ள பூச்சையும் உதிர வைக்கும். துளையை நனைத்து, சுண்ணாம்பும் மென்மணலும் கலந்த சாந்தை இரண்டு முறையாக அடைத்து, முதல் அடைப்பு இறுகியபின் அடுத்ததைப் பூசுங்கள்.