“வயசுதான் அண்ணே” என்று சொல்லி அனுப்பாதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கண்ணாடிக் கடைக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஃபிரேம் அளப்பதில் செய்யும் பிழைகள் ஒரு வாரத்தில் தாமாகவே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். வந்தவர் கேட்கும் கேள்விக்கு அவசரமாக ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்புகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதையே செய்தவன்.

திடீரென மாறிய பவருக்கு அன்றே கண்ணாடி எழுதுவது

செந்தூலிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர் வந்தார். வயது 52. “கொஞ்ச நாளா தூரத்து போர்டு மங்குது தம்பி, ஏன்?” என்று கேட்டார். “வயசுதான் அண்ணே” என்றேன். நாற்பதைத் தாண்டினால் மங்குவது கைப்பேசி எழுத்து. சாலைப் பலகை அல்ல. அவரே இன்னொன்றும் சொன்னார்: “பேப்பர் படிக்க இப்பல்லாம் கண்ணாடியே வேண்டாம்.” நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். காத்திருந்த அரைமணி நேரத்தில் இரண்டு முறை கழிப்பறைக்குப் போனார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.50, அதாவது கிட்டே தெரியும், தூரம் மங்கும். எழுநூறு வெள்ளிக்கு, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாகப் புரோகிரசிவ் லென்ஸ் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். அந்தக் கண்ணாடியைப் போட்டால் தலை சுற்றுகிறது என்றார். இடையில் காலில் புண் ஆறாமல் அரசாங்க கிளினிக்குக்குப் போக, அங்கே இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரை இறங்கியதும் பவரும் பழைய இடத்துக்கே போய்விட்டது. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் நீர் சேர்ந்து பவர் மாறும்; இறங்கும்போது மறுபடி மாறும். நான் அளந்தது அந்த வாரத்துச் சர்க்கரையை.

எழுநூறு வெள்ளி வீணானது ஒரு பக்கம். அந்த நோய் டாக்டரிடம் போவதற்கு முன்பே என் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தது, நான் அதற்குக் கண்ணாடி மாட்டி அனுப்பினேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது. போன மாதம் ஒரு பயிற்சிப் பெண் இதே போன்ற ஒருவருக்கு எழுதத் தொடங்கியதைப் பார்த்ததும் கோபமே வந்துவிட்டது.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. நம் இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். அதனால் பவர் திடீரென மாறியிருந்தால் முதலில் கேளுங்கள்: தாகம் அதிகமா, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார், உடல் இளைத்ததா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா? சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து, ஒரு மாதம் ஒன்றரை மாதம் போன அப்புறம் மறுபடி அளந்து எழுதலாம். வயதானவர் திடீரெனக் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார் என்றால் கண்புரை தொடங்கியிருக்கவும் கூடும், அதையும் பாருங்கள்.

“6/6 தெரியுது, கண் நல்லா இருக்கு” என்பது

6/6 என்றால் ஆறு மீட்டரில் வைத்த எழுத்து நடுப்பார்வைக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். விழித்திரையில் இரத்தக் கசிவு இருந்தும் கடைசி வரி வரை படிப்பவர்கள் உண்டு. கண்ணின் நரம்பைக் கெடுக்கும் குளுகோமா ஓரப்பார்வையைத்தான் முதலில் பறிக்கும். “பவர் சரி, விழித்திரையை இன்னும் பார்க்கவில்லை” என்று சொல்லிப் பழகுங்கள். இரண்டாம் வகை இனிப்பு நீர் என்று தெரிந்த உடனேயே விழித்திரைப் பரிசோதனை வேண்டும், மங்கும் வரை காத்திருக்கக் கூடாது.

“கண்ணாடி போட்டா பிள்ளைக்குப் பவர் ஏறுமா?”

ஏறாது. பிள்ளை வளரும்போது கண்ணே நீள்வதால்தான் ஏறுகிறது.

“விழித்திரை பார்க்கச் சொட்டு மருந்து போட்டா கார் ஓட்டலாமா?”

வேண்டாம். கண்மணி விரிந்து சில மணி நேரம் கூசும், மங்கும். கூட ஒரு ஆளை அழைத்துப் போகச் சொல்லுங்கள்.