ஒருசந்தி நாளைச் சமாளிக்கும் விதம்

திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது நோன்பு நாள்கள். 18 முதல் 59 வயது வரையுள்ள கத்தோலிக்கருக்கு ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு சிறு உணவு, இறைச்சி கிடையாது.

முதல் வருடம் வெறும் வயிற்றில் கோப்பி ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத கறுப்புக் கோப்பி) குடித்துவிட்டு, சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் நெஞ்செரிச்சலோடு நின்றேன். இப்போது வெந்நீரும் ஒரு துண்டு ரொட்டியும்தான். தண்ணீருக்குத் தடையில்லை, இந்த ஊர் வெக்கைக்கு நிறையக் குடியுங்கள்.

உணவில்லாத நேரம் நீண்டால் ஈரலில் சேர்ந்த சர்க்கரை குறைந்து, உடம்பு கொழுப்பை எரிக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக் காசு உண்டியலுக்கு. இல்லாவிட்டால் இது வெறும் டயட்.

அப்புறம், சாயங்காலம் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போகாதீர்கள். பிரியாணி வாசம்! நேரே வீட்டுக்கு வந்து கஞ்சி, பருப்புத் துவையல், மெதுவாக.