வேலை கொடுக்கிற பெரியவரிடமே தொழில் கற்றுக்கொள்வது எப்படி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடியாத்தத்தில் லுங்கி, ஆரணியில் பட்டு என்று இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். நமக்கு யாரும் தனியாக வந்து பாடம் நடத்தப்போவதில்லை. வேலை கொடுக்கிற பெரியவரிடம் ஒரு ஆயுசு அனுபவம் இருக்கிறது, நாமோ அவரிடம் பில்லை நீட்டி கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

முதலில் ஆளைப் பாருங்கள். சரக்கைத் திருப்பி அனுப்பும்போது காரணம் சொல்கிற கஸ்டமர்தான் உங்களுக்கு வேண்டியவர். தையல் எங்கே விட்டுப்போயிருக்கிறது, ஓரம் சீவியது எங்கே தடிமனாக நிற்கிறது என்று பீஸைக் கையில் எடுத்துக் காட்டுகிறவர் கிடைத்தால், ரேட் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் விடாதீர்கள். எனக்குக் கிடைத்த பாய் அப்படிப்பட்டவர். ஒரு ஜோடி சரியில்லை என்றால் எங்கள் யூனிட்டுக்கே வந்து, மெஷினில் இருக்கும் பெண்ணிடம் "ஊசி மாத்தி எத்தனை நாளாச்சும்மா?" என்று கேட்பார். ரிஜெக்ஷன் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்கிற பழக்கமே எனக்கு அவரால் வந்தது.

எப்படிக் கேட்பது? "எனக்கு வழிகாட்டுங்க பாய்" என்றால் அவர் சிரித்துவிட்டு டீ சொல்லுவார், அவ்வளவுதான். குறிப்பாகக் கேளுங்கள்: "இந்தத் தோல் வயிற்றுப் பக்கம் ரொம்ப இழுக்குது, முன்பக்கப் பீஸை எங்கிருந்து வெட்டலாம்?" அப்புறம் அவர் சொன்னதைச் செய்து பார்த்து, என்ன ஆச்சு என்று போய்ச் சொல்லுங்கள், சரியாக வராவிட்டாலும் சொல்லுங்கள். நிறைய பேர் கேட்பார்கள், திரும்பி வந்து சொல்ல மாட்டார்கள். சொல்கிறவனைத்தான் பெரியவர்கள் மனதில் வைத்துக்கொள்வார்கள். ஷிப்மென்ட் போகிற நேரத்திலும் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்திலும் போய் நிற்க வேண்டாம்.

பழைய கதையையும் கேளுங்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் ஆலைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டு, கழிவுநீர் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது. பாலாற்றங்கரையில் அந்த வருஷங்களில் தொழில் நடத்தியவர்கள் எதை விற்றார்கள், எதைப் பிடித்துக்கொண்டார்கள், யாரோடு சேர்ந்து நின்றார்கள் என்பது எந்த ஆவணத்திலும் முழுசாக இல்லை, அவர்கள் வாயிலிருந்துதான் வரவேண்டும். இன்றைக்கு வெளிநாட்டு பையர் கெமிக்கல் சர்டிபிகேட் கேட்டால் நாம் ஏன் பதறக்கூடாது என்பதும் அந்தக் கதையிலேயே புரியும்.

பணம்தான் இதில் முக்கியம். பழக்கம் நெருங்க நெருங்கக் கணக்கு இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும். நம்ம பாய்தானே என்று சலான் (சரக்கோடு போகிற சீட்டு) இல்லாமல் தோலை ஏற்றாதீர்கள். அவர் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குத் தைக்க, அனுப்பிய சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால், அதை விற்றதாகக் கருதி ஜிஎஸ்டி அவர் தலையில் விழும். மிச்சத் தோலை எண்ணி, எழுதித் திருப்பிக் கொடுங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள். பேமென்ட் எத்தனை நாளில் என்பதையும் எழுதி வாங்குங்கள். சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். 2024 ஏப்ரல் முதல், இந்தக் கெடு தாண்டினால் அவர் பணம் கொடுக்கும்வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், அவருக்கும் நல்லதுதான். கைமாற்று மட்டும் கேட்காதீர்கள், அவரே கொடுக்க வந்தாலும் அட்வான்ஸாக பில்லில் எழுதி வாங்குங்கள். அவருடைய டிசைனும் ரேட்டும் இன்னொரு கம்பெனி வாசலில் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

நட்பு இதற்கெல்லாம் பின்னால் தானாக வரும். ரம்ஜானுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டால் குடும்பத்தோடு போங்கள், பொங்கலுக்கு ஆற்காடு மக்கன் பேடா வாங்கிக்கொண்டு போங்கள். அவருக்கு உடம்புக்கு முடியவில்லை, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தால் போனில் விசாரித்ததோடு விடாமல், காலையிலேயே போய் அவருக்காக வரிசையில் நில்லுங்கள்.

ஒரு நாள் அவர் ஓய்வெடுப்பார், மகன் பொறுப்புக்கு வருவார். அங்கேதான் நிறைய உறவுகள் அறுந்துபோகின்றன. மகனிடம் அப்பாவின் பெயரைச் சொல்லி ஆர்டர் கேட்காதீர்கள். புது கஸ்டமருக்குக் கொடுப்பதுபோல் சாம்பிளும் கொட்டேஷனும் கொடுங்கள், அவர் வேறு யூனிட்டைத் தேர்ந்தெடுத்தால் அதைப் பெரியவரிடம் புகாராகக் கொண்டுபோக வேண்டாம். ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரியவரைப் பார்க்கப் போவது மட்டும் நிற்கக்கூடாது. புது மெஷின் வாங்கப்போகிறீர்களா, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.