ஜெர்மனியில் செமஸ்டர் முடித்து இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் ஜெர்மனிக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்குப் பரீட்சை நெருங்கும்போதுதான் அந்த யோசனை வருகிறது: வந்ததுதான் வந்தோம், இங்கேயே ஆறு மாதம் இன்டர்ன்ஷிப்பையும் முடித்துவிட்டுப் போனால் என்ன? நல்ல யோசனைதான். ஆனால் கம்பெனி கிடைப்பது மட்டும்தான் கஷ்டம், கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். கையில் ஆஃபர் லெட்டர் இருந்தும் விசாவுக்கும் ரூமுக்கும் அல்லாடுகிறவர்களை ஒவ்வொரு மார்ச்சிலும் பார்க்கலாம். அவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒன்றேதான், ஆட்கள்தான் மாறுகிறார்கள்.

செமஸ்டர் எப்போது முடிகிறது என்று கேட்டால் எல்லோரும் கடைசிப் பரீட்சைத் தேதியைச் சொல்கிறார்கள். அந்தத் தேதியை உங்களைத் தவிர யாரும் கண்டுகொள்வதில்லை. பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-ல் தொடங்கி மார்ச் 31 வரை, கோடை செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. ஃபாக்ஹோக்ஷூலே எனப்படும் செய்முறைப் படிப்புக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரு மாதம் முன்னாடியே. வகுப்புகள் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டாலும் மாணவர் பதிவு மார்ச் கடைசி வரை உயிரோடு இருக்கும். விசா ஸ்டிக்கரில் வேறொரு தேதி இருக்கும், ஹாஸ்டல் ஒப்பந்தத்தில் வேறொன்று, ஊரிலிருந்தே எடுத்து வந்த இன்ஷூரன்ஸ் பாலிசியில் இன்னொன்று. இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் இன்டர்ன்ஷிப் தொடங்கும் தேதியைப் போட்டுப் பாருங்கள், எந்த இடத்தில் ஓட்டை விழுகிறது என்று உடனே தெரிந்துவிடும். இதை டிசம்பரிலேயே செய்ய வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு மூன்று முதல் ஆறு மாதம் முன்னால் விண்ணப்பிப்பதுதான் இங்கே வழக்கம் என்பதால், ஏப்ரல் இடத்துக்குப் பிப்ரவரியில் தேடத் தொடங்குவது எப்படியும் தாமதம்தான்.

மாணவர் பதிவு முடிந்த பிறகு நீங்கள் யார்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. எக்ஸ்சேஞ்ச் மாணவருக்குக் கொடுத்த விசா படிப்புக்கானது. ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பதிவு முடிந்தால் அந்த விசாவுக்கான காரணமும் முடிந்தது; ஸ்டிக்கரில் இன்னும் நாள் பாக்கி இருக்கிறதே என்று அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. வழி இரண்டுதான். ஒன்று, இரண்டு கல்லூரிகளும் ஒத்துக்கொண்டால் எக்ஸ்சேஞ்சை இன்னொரு செமஸ்டருக்கு நீட்டி, மாணவராகவே இன்டர்ன்ஷிப் செய்வது. இல்லையென்றால், வெளிநாட்டுக் கல்லூரி மாணவர் என்ற முறையில், ஜெர்மன் வேலைவாய்ப்புத் துறையில் வெளிநாட்டவர் வேலை விவகாரங்களைப் பார்க்கும் இசட்ஏவி (ZAV) பிரிவிடம் ஒப்புதல் வாங்கி, இன்டர்ன்ஷிப்புக்கென்றே தனி அனுமதி பெறுவது. இதற்கு நீங்கள் குறைந்தது நாலு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும், வேலை உங்கள் படிப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், அதிகபட்சம் 12 மாதம்தான். கம்பெனியும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், ஆகவே இன்டர்வியூ முடிந்த கையோடு எச்ஆரிடம் சொல்லிவிடுங்கள். வெளியே சொன்னால் வேண்டாம் என்று விடுவார்களோ என்று பயந்து மறைக்கிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. கடைசி வாரத்தில் தெரிந்தால்தான் உண்மையிலேயே வேண்டாம் என்பார்கள்.

இங்கே இருந்தபடியே அனுமதியை மாற்றித் தருவார்களா, ஊருக்குப் போய்ச் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் புதிதாக விசா வாங்கி வரச் சொல்வார்களா என்பது உங்கள் கோப்பைக் கையாளும் வெளிநாட்டவர் அலுவலகத்தின் கையில் இருக்கிறது. ஆகவே அவர்களிடமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். “எனக்குக் கொடுத்தாங்க” என்று சீனியர் சொன்னார் என்பதெல்லாம் அங்கே செல்லாது, அவர் வேறு ஊரில் வேறு வருடம் வாங்கியிருப்பார்.

முழு மாஸ்டர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, பதிவு தொடர்கிறது. அவர்களுக்கு வேறொரு தலைவலி.

கட்டாயமா, விருப்பமா?

பாடத்திட்டத்திலேயே உள்ள கட்டாய இன்டர்ன்ஷிப் வேறு, நாமாக விரும்பிப் போவது வேறு. பெயர்ப்பலகையில் மட்டும் உள்ள வித்தியாசம் இல்லை இது, சம்பளம் முதல் வேலை நாள் வரை எல்லாமே இதை வைத்துத்தான் மாறும். விருப்ப இன்டர்ன்ஷிப் மூன்று மாதத்தைத் தாண்டினால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் முதல் நாளிலிருந்தே பொருந்தும். 2026 ஜனவரி முதல் அது மணிக்கு 13.90 யூரோ. கட்டாய இன்டர்ன்ஷிப்புக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆறு மாத இடம் என்றால் நிறைய கம்பெனிகள் கட்டாய வகை மாணவர்களையே தேடுவதும், விளம்பரத்திலேயே கல்லூரிச் சான்று வேண்டும் என்று போடுவதும் இதனால்தான்.

விண்ணப்பத்தில் சும்மா ஒரு டிக் போட்டுவிட்டு, ஆஃபர் வந்ததும் ஊரில் உள்ள கல்லூரிக்கு “சார், ஒரு லெட்டர் வேண்டும்” என்று மெயில் அனுப்புகிறார்கள். அந்த லெட்டர் துறைத் தலைவர், டீன், எக்ஸ்சேஞ்ச் அலுவலகம் என்று சுற்றி வர எத்தனை வாரம் ஆகும் என்று நம் கல்லூரியில் படித்தவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டாயம் என்று உண்மையிலேயே விதிமுறையில் இருந்தால் ஜெர்மனிக்குக் கிளம்பும் முன்பே, எத்தனை வாரம் என்ற விவரத்தோடு, ஆங்கிலத்தில், முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாததை இருப்பதாக எழுதித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், இங்கே பாடத்திட்ட ஆவணத்தையே அனுப்பச் சொல்வார்கள்.

அப்புறம் நாள் கணக்கு. மாணவர் அனுமதியில் வேலை செய்ய வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான். 2024 மார்ச் வரை இது 120-ம் 240-மாக இருந்தது, பழைய பதிவுகளில் இன்னும் அதுதான் கிடக்கிறது. நீங்கள் படிக்கும் ஜெர்மன் படிப்பின் கட்டாய இன்டர்ன்ஷிப் இந்தக் கணக்கில் வராது. விருப்ப இன்டர்ன்ஷிப் வரும், சம்பளம் இல்லாவிட்டாலும் வரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முழுநேரம் என்றால் விடுமுறை போக ஏறக்குறைய 125 வேலை நாள். அதே வருடம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை பேக்கரியிலோ கிடங்கிலோ 40 அரை நாள் போயிருந்தால் அது 20 முழு நாள். கூட்டினால் 145, எல்லை தாண்டிவிட்டது. பார்ட் டைம் போன நாட்களை யாரும் எழுதி வைப்பதில்லை, எழுதி வையுங்கள்.

விண்ணப்பம் போட்டாலே போதும் என்ற நினைப்பு

அனுமதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், பதில் வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கான தாளின் பெயர் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங். வாயில் நுழையாததால் நம்மவர்கள் ஃபிக்ஷன் சர்டிஃபிகேட் என்றே சொல்கிறார்கள். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முடிவதற்கு முன் என்றால் முன்தான், மறுநாள் போட்டால் இந்தப் பாதுகாப்பு இல்லை, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்பது காரணமாகாது. ஆன்லைன் படிவமோ மின்னஞ்சலோ, எந்த வழியை அந்த ஊர் ஏற்கிறதோ அதில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அந்தத் தாள் தொடர வைப்பது உங்கள் பழைய அனுமதியைத்தான். அதில் இல்லாத புதிய வேலையை அதை வைத்துத் தொடங்க முடியாது. ஜெர்மனியில் இருக்கலாம், ஆனால் இன்டர்ன்ஷிப்புக்குத் தனி அனுமதி தேவைப்படுகிற ஆள் என்றால் அது கைக்கு வரும்வரை கம்பெனிக்குள் போகக் கூடாது. தொடங்கும் தேதியை இரண்டு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊர் மாறினால் இன்னொரு சிக்கல் சேரும், இதை யாரும் எச்சரிப்பதில்லை. ஆகனில் படித்துவிட்டு ஷ்டுட்கார்ட்டிலோ மியூனிக்கிலோ வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புது ஊரில் முகவரி பதிந்தவுடன் உங்கள் கோப்பைப் பார்க்க வேண்டியது அந்த ஊர் அலுவலகம். பழைய ஊரிலிருந்து கோப்பு போய்ச் சேரும்வரை இரண்டு பக்கமும் “அவர்களைக் கேளுங்கள்” என்பார்கள். முடிந்தால் பழைய ஊரிலேயே நீட்டிப்பை முடித்துக்கொண்டு மாறுங்கள். முகவரி மாறாமல் இருப்பதாகக் காட்டி ஏமாற்றச் சொல்லவில்லை, குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் புது முகவரியைப் பதிவது சட்டப்படி கட்டாயம். ஆனால் நகரும் நாளை உங்கள் வசதிக்குத் திட்டமிடலாமே. கிளம்பும் ஊரில் போய்ப் பதிவை நீக்க வேண்டியதில்லை, அது நாட்டை விட்டே போகிறவர்களுக்குத்தான். அவசரப்பட்டு நீக்கிவிட்டுப் பிறகு விசா அலுவலகத்தில் விளக்கம் சொன்னவர்கள் உண்டு.

ரூம் தேடும்போது வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று தருவாரா என்று முதலில் கேளுங்கள், அது இல்லாமல் முகவரி பதிய முடியாது. ஆறு மாதத்துக்கு உள்வாடகையில் அறை தருபவர்களில் சிலர் “பதிவு மட்டும் முடியாது” என்பார்கள், அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்பவர் நூற்றுக்கு நூறு ஏமாற்றுக்காரர். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதுவும் ஹீட்டர் முதலிய செலவு சேராத வாடகையில் கணக்கிட்டது. பழைய ஹாஸ்டலில் காலி செய்யும் நோட்டீஸ் எவ்வளவு நாள் முன்னால் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், வழக்கமான வீட்டு வாடகைக்குச் சட்டப்படி மூன்று மாதம். புது இடத்தில் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போட மாட்டார், விசா அலுவலகக் கடிதம் திரும்பிப் போய்விடும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், மாணவர் கட்டணம் மாணவர் பதிவோடு போய்விடும். சம்பளம் உள்ள இன்டர்ன்ஷிப் என்றால் எந்த வகையில் சேர்ப்பார்கள் என்று எச்ஆரிடமும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள், சம்பளம் இல்லாதது என்றால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி விடாதீர்கள், நீட்டிப்பு விண்ணப்பத்தில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். மாணவர்களுக்கான பஸ், ரயில் பாஸான செமஸ்டர் டிக்கெட்டும் மாணவர் பதிவு முடிகிற நாளோடு சரி.

மதிப்பெண் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசிப் பரீட்சை முடிந்து அது கையில் வர வாரக்கணக்கில் ஆகும், ஊர்க் கல்லூரி கிரெடிட் மாற்ற அதைத்தான் கேட்கும். கோர்ஸை நடுவில் மாற்றியிருந்தால் லேர்னிங் அக்ரிமென்ட்டில் (எந்தெந்தப் பாடம் எடுக்கிறீர்கள் என்று இரண்டு கல்லூரிகளோடும் போட்ட ஒப்பந்தம்) திருத்திக் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்களா என்று இன்னும் ஜெர்மனியில் இருக்கும்போதே பாருங்கள். இங்கே 1.0 தான் உச்சம், 4.0 பாஸ். 1.3 வாங்கியதைப் பார்த்து அப்பா அதிர்ச்சியாவது இருக்கட்டும், ஊரில் கிரெடிட் மாற்றும் அலுவலரும் குழம்பலாம், மதிப்பெண் அளவுகோல் விளக்கமும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பணம். வேலையில் சேரும்போது 11 இலக்க வரி எண்ணைக் கொடுங்கள், ஊர் மாறினாலும் அது மாறாது. கொடுக்காவிட்டால் ஆறாம் வரி வகுப்பில் போட்டு அதிகம் பிடிப்பார்கள். ஆறு மாதச் சம்பளம், கழிவுகள் போக, பெரும்பாலும் வருடாந்திர வரிவிலக்கு வரம்புக்குள்ளேயே இருக்கும் (2026-ல் 12,348 யூரோ), பிடித்த வருமான வரியை அடுத்த வருடம் ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளலாம், அதற்கு நாலு வருடம் அவகாசம். ஊருக்குப் போகும் வாரத்தில் வேலைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக்கான வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் உங்கள் பெயரில் இருந்தால் நீக்குங்கள், இல்லையென்றால் மாதம் 18.36 யூரோ சேர்ந்துகொண்டே இருக்கும். பேங்க் கணக்கை மட்டும் மூடாதீர்கள். ரூம் அட்வான்ஸ் திரும்ப வர மாதக்கணக்காகும், வரிப் பணம் அதற்கும் பிறகு, இரண்டையும் அந்தக் கணக்கில்தான் போடுவார்கள்.