புதிய ஆல்பங்களை வெள்ளிக்கிழமைக்குப் பின் தரவிறக்கி வையுங்கள்

2015 ஜூலை முதல் உலகெங்கும் புதிய ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளிலேயே வெளியாகின்றன என்பதால், சோல், ஃபங்க், கோஸ்பல், ஜாஸ் இசையை விரும்பும் மலையக அன்பர்கள், வார இறுதியில் ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ சாமான் வாங்கச் செல்லும்போது, நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்திலேயே அவற்றைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால், மலை மடிப்புக்குள் இருக்கும் தோட்ட லயன் வீட்டில் பாட்டு நடுவில் அறுந்துபோகாது. ஃபங்க் இசையின் உயிர் பேஸ் கிட்டாரில் இருக்கிறது. தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அதன் தாழ்ந்த ஒலி ஏறக்குறைய மறைந்துவிடுவதால், சாதாரண இயர்போன் ஒன்றையாவது கட்டாயம் பயன்படுத்துங்கள். ஜாஸ் இசைக்குப் புதியவர்களுக்கு, 2023இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான பிரித்தானியாவின் மெர்குரி பரிசை வென்ற முதல் ஜாஸ் குழுவான எஸ்ரா கலெக்டிவை மனமாரப் பரிந்துரைக்கிறேன். பிடித்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவரின் பெயரைத் தேடினால், அவர் வாசித்த வேறு ஆல்பங்களும் அகப்படும்.