மதிப்பெண்ணுக்கு முன்னால் பின்னூட்டம்: கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

செமஸ்டர் கடைசியில் திருத்திய அசைன்மென்ட்டைத் திருப்பித் தந்தால், மாணவர் கண் நேரே மதிப்பெண்ணுக்குத்தான் போகும். ஓரத்தில் நாம் மெனக்கெட்டு எழுதிய குறிப்பைச் சிலர் படிப்பார்கள். படித்தவர்களுக்கும் அதை வைத்துச் செய்ய அடுத்த வேலை எதுவும் இருக்காது. பாடமே முடிந்திருக்கும். வீணாகும் அந்த உழைப்பைச் சில வாரங்கள் முன்னால் நகர்த்துவது எப்படி என்பதுதான் இந்தச் செய்முறை. கணினி திருத்தும் வேலையைக் குறைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். கொஞ்சம் குறைக்கும். எனக்கு அதைவிட முக்கியம், பின்னூட்டம் பயன்படுகிற நேரத்தில் கைக்குப் போய்ச் சேருவது.

புரோகிராமிங் தெரிய வேண்டாம். உங்கள் கல்லூரியில் மூடுல் இருந்தால் அது போதும். பாடம், அசைன்மென்ட், தேர்வு எல்லாவற்றையும் இணையத்தில் நடத்த 2002-ல் வெளிவந்த திறமூல மென்பொருள் அது, நிறுவனமே தன் சர்வரில் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கூகுள் ஃபார்ம்ஸும் கிளாஸ்ரூமும் போதும். உதாரணத்துக்கு அறிமுகப் புள்ளியியல் பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பாடத்துக்கும் வழி ஒன்றுதான்.

படி 1: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

முழுப் பாடத்தையும் ஒரே பருவத்தில் மாற்றப் போகாதீர்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் வரும் ஓர் அசைன்மென்ட்டை எடுங்கள். அதில் கற்றது பின்னால் இன்னொரு வேலையில் தேவைப்பட வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. அப்படி எதுவும் இல்லையென்றால், இருக்கும் ஒரு பெரிய வேலையை வரைவு, இறுதி வடிவம் என இரண்டாக உடையுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டாம், திருத்தும் சுமை இரட்டிப்பாகும்.

படி 2: ரூப்ரிக்கை முதலில் எழுதுங்கள்

எதைப் பார்த்து மதிப்பெண் போடப் போகிறோம் என்பதை வேலை தருவதற்கு முன்பே ஓர் அட்டவணையாக எழுதிவிடுவதுதான் ரூப்ரிக். மூன்று அல்லது நான்கு வரிசை போதும். தரவு ஆய்வு அறிக்கைக்கு என்றால்: சரியான சோதனையைத் தேர்ந்தது, கணக்கீடு, முடிவை விளக்கியது, வரைபடங்கள்.

பலர் சறுக்குவது கட்டங்களை நிரப்பும்போது. "நன்று", "சுமார்", "முயற்சி தேவை" என்று எழுதினால் அது மதிப்பெண்ணையே வேறு சொல்லில் சொன்னதாகத்தான் ஆகும். தாளில் கண்ணால் காணக்கூடியதை எழுதுங்கள். "முடிவை விளக்கியது" என்ற வரிசையில் கீழ்க்கட்டம்: "எண் மட்டும் தரப்பட்டுள்ளது." நடுக்கட்டம்: "எண்ணின் பொருள் சொல்லப்பட்டுள்ளது, ஆய்வுக் கேள்வியோடு இணைக்கப்படவில்லை." மேல்கட்டம்: "ஆய்வுக் கேள்விக்கு விடை, அந்த விடையின் வரம்புகளோடு தரப்பட்டுள்ளது." இதைப் படிக்கும் மாணவருக்கு ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மூடுலில் அசைன்மென்ட் அமைப்பில் கிரேடிங் மெத்தட் என்ற இடத்தில் ரூப்ரிக்கைத் தேர்ந்தால் கட்டங்கள் திறக்கும். கிளாஸ்ரூமில் அசைன்மென்ட் உருவாக்கும் திரையிலேயே ரூப்ரிக் பொத்தான் உண்டு. வேலை தரும் நாளிலேயே அது மாணவர் கண்ணில் படும்படி வையுங்கள்.

படி 3: வாரம் ஒரு குறுந்தேர்வு

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். தேர்வு என்பது கற்றதை அளக்க மட்டும்தான் என்ற எண்ணத்தை ஆய்வுகள் அசைத்துவிட்டன. 2006-ல் உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் வெளியிட்ட சோதனையில் கல்லூரி மாணவர்கள் உரைநடைப் பகுதிகளைப் படித்தார்கள். சில பகுதிகளைத் திரும்பப் படித்தார்கள். சிலவற்றைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்ததே முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியது முந்திவிட்டது. ஆகவே வாராந்திரக் குறுந்தேர்வு படிப்பின் ஒரு பகுதி. அதற்கு மிகக் குறைந்த மதிப்பெண் வையுங்கள், அல்லது எழுதினாலே முழு மதிப்பெண் என்று வைத்துவிடுங்கள்.

ஐந்து கேள்வி போதும். கேள்வியைவிடத் தவறான விடைகளில்தான் வேலை இருக்கிறது. ஒவ்வொரு தவறான விடையும் மாணவர்கள் உண்மையில் செய்யும் ஒரு தவறிலிருந்து வர வேண்டும். பழைய விடைத்தாள்களைப் புரட்டினால் வேண்டிய அளவு கிடைக்கும். இதோ ஒன்று (இன்மைக் கருதுகோள் என்றால், வேறுபாடோ தொடர்போ எதுவும் இல்லை என்ற தொடக்க அனுமானம்):

கேள்வி: ஒரு சோதனையில் பி மதிப்பு 0.03 என்று வந்தது. இதன் பொருள் என்ன?

தவறான விடை: இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 3% வாய்ப்பு உண்டு.

சரியான விடை: இன்மைக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாகவோ விலகிய முடிவு கிடைக்க 3% வாய்ப்பு உண்டு.

தவறான விடைக்கு நீங்கள் எழுத வேண்டிய பின்னூட்டம் "தவறு, பாடநூலைப் பார்க்கவும்" என்பதாக இருக்கக் கூடாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "நிபந்தனையைத் தலைகீழாக்கிவிட்டீர்கள். இன்மைக் கருதுகோள் உண்மை என்று எடுத்துக்கொண்டுதான் பி மதிப்பையே கணக்கிடுகிறோம். அப்படியிருக்க, அது உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை அந்த எண் எப்படிச் சொல்லும்? கணக்கீட்டின் முதல் வரியை மறுபடி படித்துவிட்டு வாருங்கள்."

கூகுள் ஃபார்ம்ஸில் செய்வது எளிது. செட்டிங்ஸ் தாவலில் "மேக் திஸ் எ க்விஸ்" என்பதை இயக்குங்கள். கேள்விக்குக் கீழே "ஆன்ஸர் கீ" என்பதை அழுத்திச் சரியான விடையைக் குறித்து, மதிப்பெண்ணும் பின்னூட்டமும் சேருங்கள். பின்னூட்டத்தில் இணைப்போ யூடியூப் காணொளியோ வைக்கலாம். விடை அனுப்பியவுடன் முடிவு தெரியுமாறு அமையுங்கள். திரும்ப எழுத விடுவதாக இருந்தால் சரியான விடையைக் காட்டுவதை அணைத்துவிடுங்கள். ஒரு குறை உண்டு: சரிக்கு ஒரு குறிப்பு, தவறுக்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான். எந்தத் தவறைத் தேர்ந்தாலும் ஒரே பதில் போகும்.

மூடுல் இங்கே ஒரு படி மேல். பலவுள் தெரிவு வினாவில் ஒவ்வொரு விடைக்கும் தனிப் பின்னூட்டம் எழுதலாம். க்விஸ் அமைப்பில் "இன்டராக்டிவ் வித் மல்டிப்பிள் ட்ரைஸ்" என்பதைத் தேர்ந்தால், தவறியவருக்குக் குறிப்பு தந்து உடனே மறுவாய்ப்பும் தரும். ரிவ்யூ ஆப்ஷன்ஸ் பகுதியை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். எழுதும்போது, எழுதி முடித்தவுடன், பிறகு, தேர்வு மூடியபின் என நான்கு கட்டத்திலும் மாணவர் எதைப் பார்க்கலாம் என்பதை அங்கேதான் தீர்மானிக்கிறீர்கள். ஒரு டிக் குறி விடுபட்டால் நீங்கள் எழுதிய பின்னூட்டம் யார் கண்ணிலும் படாது. சோதனை மாணவர் கணக்கு ஒன்றில் நுழைந்து பார்த்துவிடுவது நல்லது.

பெயர்களை முன்னணிப் பட்டியலில் ஓடவிடும் போட்டி வினாடி வினாச் செயலிகள் வகுப்பைக் கலகலப்பாக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் வேகத்துக்குப் பரிசு கிடைக்கிறது. யோசித்து எழுதுகிற பிள்ளை பின்தங்கிவிடுகிறது. இந்த வேலைக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: குறிப்பு வங்கி

நாற்பது தாள் திருத்தினால் ஒரே வாக்கியத்தை இருபது முறை எழுதுகிறோம். அதைச் சேமித்து வையுங்கள். கிளாஸ்ரூமில் காமென்ட் பேங்க் இருக்கிறது. திருத்தும்போது # தட்டினால் சேமித்தவை வரும். மூடுலில் பிடிஎஃப் மீது எழுதும் குறிப்பை க்விக்லிஸ்டில் சேர்க்கலாம். எதுவும் இல்லையென்றால் ஒரு சாதாரண ஆவணம் போதும்.

கல்வி ஆய்வாளர்கள் ஹேட்டியும் டிம்பர்லியும் 2007-ல் எழுதிய கட்டுரையில், நல்ல பின்னூட்டம் மூன்று கேள்விக்கு விடை தரும் என்றார்கள்: எங்கே போகிறேன், எப்படிப் போய்க்கொண்டிருக்கிறேன், அடுத்து எங்கே. நம் குறிப்புகளில் பெரும்பாலும் இரண்டாவது மட்டும்தான் இருக்கும். சேமித்த ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் "அடுத்த அறிக்கையில்..." என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள். வங்கியிலிருந்து எடுத்ததோடு, அந்த மாணவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வரியும் எழுதுங்கள். எழுத நேரமில்லையா? ஒன்றரை நிமிடம் குரலில் பதிவு செய்து அனுப்புங்கள். முக்கியமான வரியை எழுத்திலும் தந்துவிடுங்கள், எல்லோராலும் ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

படி 5: மதிப்பெண்ணைச் சில நாள் பிடித்து வையுங்கள்

1988-ல் ரூத் பட்லர் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்திறனும் மேலாக இருந்தன. இரண்டையும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. மதிப்பெண் வந்ததும் குறிப்பு காணாமல் போய்விடுகிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கிளாஸ்ரூமில் மதிப்பெண் கட்டத்தைக் காலியாக விட்டுக் குறிப்புகளோடு தாளைத் திருப்பி அனுப்பலாம். நாலைந்து நாள் கழித்து மதிப்பெண்ணைச் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே வகுப்பில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் புகார் வரும், நியாயமாகவே வரும்.

படி 6: மாணவரிடமிருந்து பதில் வாங்குங்கள்

அந்த இடைவெளியில் ஒரு சின்ன ஃபார்ம் அனுப்புங்கள். இரண்டே கேள்வி: வந்த குறிப்புகளில் அடுத்த வேலையில் எதைச் செய்யப் போகிறீர்கள்? எந்தக் குறிப்பு புரியவில்லை? இரண்டாவது கேள்விக்கு வரும் விடைகளை வைத்து உங்கள் குறிப்பு வங்கியைத் திருத்துங்கள். அடுத்த அசைன்மென்ட்டின் முதல் பக்கத்தில், முந்தைய குறிப்புகளில் எதைச் சரிசெய்தேன் என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்.

படி 7: எண்களைப் படியுங்கள்

ஃபார்ம்ஸின் சுருக்கப் பக்கத்தில் அதிகம் தவறிய கேள்விகள் தனியே காட்டப்படும். அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை அவற்றுக்கே கொடுங்கள். மூடுலின் புள்ளிவிவர அறிக்கையில் இரண்டு நெடுவரிசைகளைப் பாருங்கள். ஃபெசிலிட்டி இன்டெக்ஸ் என்பது அந்தக் கேள்வியில் வகுப்பு பெற்ற சராசரி விழுக்காடு. டிஸ்க்ரிமினேஷன் இன்டெக்ஸ் என்பது, தேர்வின் மற்றக் கேள்விகளில் நன்றாகச் செய்தவர்கள் இதிலும் நன்றாகச் செய்தார்களா என்பதைக் காட்டுவது. அது எதிர்மறையாக வந்தால் மாணவர்களைக் குறை சொல்லும் முன் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் தவறான விடை சரி என்று குறிக்கப்பட்டிருக்கும், அல்லது கேள்வியின் சொற்கள் இரு பொருள் தரும்.

ஒற்றுமை விழுக்காடும் செயற்கை நுண்ணறிவும்

மாணவர் எழுதியது வேறு எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சோதிக்கும் மென்பொருள் 20% என்று காட்டினால் அது திருட்டுக்குச் சான்று ஆகாது. மேற்கோளும் நூற்பட்டியலுமே அந்த அளவைத் தொட்டுவிடலாம். அறிக்கையைத் திறந்து நிறமிட்ட வரிகளைப் படித்த பிறகே பேசுங்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை இன்னும் அதிகமாகச் சந்தேகியுங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் குறித்தன. படி 1-ல் சொன்ன வரைவு இங்கே கைகொடுக்கும்: வரைவையும் இறுதி வடிவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த மாற்றத்தை ஏன் செய்தீர்கள் என்று மாணவரிடமே கேட்கலாம்.

தவறான விடைகளுக்கு யோசனை கேட்கவோ, குறிப்பின் மொழியை எளிமையாக்கவோ நீங்கள் சாட்பாட்டைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வருவதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். மாணவரின் தாளைப் பெயரோடும் பதிவு எண்ணோடும் அதில் ஏற்றாதீர்கள். பெயரை நீக்கி ஏற்றுவதற்கும் கல்லூரியின் விதி என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.