ஆள்காட்டி கத்தினால் திரும்பிவிடுங்கள்

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஏரிக்கரை, தரிசு நிலம் பக்கம் பறவை பார்க்கப் போகிறீர்களா? சிவப்பு மூக்கு ஆள்காட்டிப் பறவை தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தினால், காலடியைப் பார்த்துக்கொண்டே வந்த வழியே திரும்பிவிடுங்கள். முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கும். கூடு மரத்தில் இருக்காது. தரையில் சின்னக் குழிதான், பெரும்பாலும் நான்கு முட்டை, கல்லோடு கல்லாகக் கிடக்கும். வெயில் நேரத்தில் பறவை வயிற்றிறகை நனைத்து வந்து உட்கார்ந்து முட்டையைக் குளிர வைக்கும். நீங்கள் கேமராவோடு நின்றால் அது இறங்காது, முட்டை சூட்டில் கெட்டுப்போகும்.

‘ஒரே ஒரு படம்’ என்பார்கள். அதைப் பார்த்துப் பத்துப் பேர் வருவதுதான் தொல்லையே. கூட்டின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அப்புறம், போன் கேமராவில் லொகேஷனை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் படத்தோடு இடமும் பதிவாகிவிடும்.